கடிவாயில் வீக்கமே இல்லை, உள்ளே தசை செத்துக்கொண்டிருந்தது

மீனவர் ஒருவருக்கு வலை இழுக்கும்போது கையில் ஏதோ சுருக்கென்று குத்தியதாம். மீன்முள்ளாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் கழுத்து, தோள், தொடை என்று உடம்பு முழுக்க வலி. வழியில் ஓரிடத்தில் காய்ச்சல் வலி என்று நினைத்து, இடுப்பில் வலி ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தபோது அவரால் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்து நான் மெதுவாக மடக்கியதற்கே கத்தினார். கடிவாயைத் தேடித்தான் கண்டுபிடித்தோம்: சின்னதாய் இரண்டு புள்ளி, வீக்கம் துளியும் இல்லை. பரிசோதனைக்குப் பிடித்துக் கொடுத்த சிறுநீர் கறுஞ்சிவப்பாக இருந்தது. கடித்தது கடல்பாம்பு.

பாம்பு விஷம் என்றால் நரம்பும் ரத்தமும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தசையை யாரும் யோசிப்பதில்லை. உண்மையைச் சொன்னால், படிக்கிற காலத்தில் நானும் யோசித்ததில்லை.

தசையை அழிப்பதில் முக்கியமான ஆள் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி. ஒவ்வொரு தசை இழையையும் மூடியிருக்கும் சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. இந்த நொதி அந்த மூலக்கூறுகளைக் கத்தரித்துச் சவ்வில் ஓட்டை போடுகிறது. ஓட்டை வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. இழைக்கு வெளியே கால்சியத்தின் அளவு உள்ளே இருப்பதைப் போலச் சுமார் 10,000 மடங்கு. தசைக்குக் கால்சியம் என்றால் "சுருங்கு" என்ற கட்டளை. அது வெள்ளமாக வந்தால் இழை கட்டுக்கடங்காமல் சுருங்கி, கட்டி கட்டியாகத் திரண்டு கிழிகிறது. அதே கால்சியம் செல்லுக்குள்ளேயே இருக்கும் புரதம் தின்னும் நொதிகளையும் எழுப்பிவிடுகிறது. அப்புறம் பாம்பு செய்ய வேண்டியது எதுவுமில்லை, மிச்சத்தைத் தசை தானே தின்றுகொள்ளும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சில விரியன் வகைகளின் விஷத்தில் இந்த நொதியின் போலி ஒன்று இருக்கிறது. அதன் அமினோ அமிலச் சங்கிலியில் 49-வது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு மாற்றத்தால் அதற்குக் கொழுப்பைக் கத்தரிக்கும் திறன் போய்விடுகிறது. ஆனாலும் சவ்வை நேரடியாகக் குலைத்துத் தசையைக் கொன்றுவிடுகிறது. கத்தியின் முனை மழுங்கினால் பிடியால் அடிக்கிற மாதிரி.

விரியன் கடியில் இன்னொரு கூட்டாளியும் சேர்கிறது. மெட்டல்லோபுரோட்டினேஸ் என்ற நொதிகள் தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரை அரிக்கின்றன. ரத்தம் கசிகிறது, ஆக்சிஜன் போகவில்லை, விஷம் தொடாத இழைகூடச் சாகிறது. பின்னாளில் கால் சூம்பிப்போவதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான். தசைக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் குருத்தணுக்கள் உண்டு. ஆஸ்திரேலியப் புலிப்பாம்பின் விஷத்திலுள்ள நோட்டெக்சின் என்ற நச்சை ஆய்வகத்தில் எலித் தசையில் செலுத்தினால் இழைகள் ஓரிரு நாளில் அழிந்து, சில வாரங்களில் மறுபடி வளர்ந்துவிடும், ஏனென்றால் அங்கே ரத்தக்குழாயும், இழைச் சவ்வுக்கு வெளியே இருக்கும் உறையும் பிழைத்திருக்கும். அவையும் போனால் தசை இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும்தான் வளரும்.

செத்த தசையிலிருந்து கசிவதுதான் உயிருக்கு ஆபத்து. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் சிறுநீரகக் குழல்களில் போய் அடைத்துக்கொள்ளும். எனவே கறுத்த சிறுநீரில் பரிசோதனைப் பட்டை "ரத்தம்" என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றும் இல்லையென்றால் உடனே தசையை நினையுங்கள். கூடவே சிபிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி), பொட்டாசியம், ஈசிஜி. ஒரே ஒரு சிபிகே பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது பல மணி நேரம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும்.

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். கிழிந்த இழையைத் தைக்காது. அதனால்தான் நேரம் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கயிறு கட்டுவது இதை இன்னும் மோசமாக்கும்: விஷம் அதே தசையில் தேங்கும், ரத்த ஓட்டமும் நிற்கும். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். அந்த இடுப்பு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. ரத்தம் உறையாத நிலையில் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும்.

எங்கள் நோயாளிக்கு வருவோம். நம் ஊர்த் தரைப்பாம்புகளுக்கான விஷமுறிவு மருந்து கடல்பாம்புக் கடிக்குப் பொருந்தாது, அதற்குரியது அன்று எங்கள் கையில் இல்லை. நரம்பு வழியே திரவம் ஏற்றினோம், பொட்டாசியத்தை இறக்கினோம், சில தடவை டயாலிசிஸ் செய்தோம். மூன்றாவது வாரம் சிறுநீர் தெளிந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது நன்றாகவே நடந்தார், படி ஏற மட்டும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது.