பக்கத்தில் போகச் சொல்லாதீர்கள்

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு செப்டம்பர் காலை. மணி எட்டரை இருக்கும். கறையான் புற்றின் மேல் ஏறி நின்று, சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி ஒன்று புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. புற்றின் நிழலில் மூன்று குட்டிகள். இருநூறு மீட்டர் தள்ளித் தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. எங்களோடு சேர்த்து அங்கே நின்றவை நான்கு வண்டிகள். தாய் மெல்ல இறங்கி, தலையைத் தாழ்த்திப் புல்லோடு புல்லாக நகரத் தொடங்கியது. கால் மணி நேரத்துக்குள் வண்டிகள் பதினேழு ஆகிவிட்டன.

என் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், "தம்பி, புல் மறைக்கிறது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகச் சொல்லுங்கள்" என்றார். எங்கள் ஓட்டுநர் அசையவில்லை. ஆனால் வேறு இரண்டு வண்டிகள் தடத்தை விட்டு இறங்கி, மான்களுக்கும் தாய்க்கும் நடுவே போய் நின்றன. மான்கள் தலை தூக்கின. ஒன்று காலால் தரையைத் தட்டியது. அடுத்த நொடி கூட்டமே ஓடிவிட்டது. தாய் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு குருவி கத்துவதைப் போன்ற மெல்லிய குரலில் குட்டிகளை அழைத்தது. புலியினம் என்கிறோமே, அதன் குரல் அவ்வளவு சின்னது. அருகில் வந்த குட்டிகளின் வயிறு ஒட்டிக் கிடந்ததைத் தொலைநோக்கியில் எல்லோரும் பார்த்தோம். ஆசிரியர் அதன் பிறகு அன்று காலை முழுவதும் எதுவும் கேட்கவில்லை.

தமிழ்ப் பயணிகளைக் குழுக்களாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் செல்வது என் தொழில். பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறேன். கிளம்புவதற்கு முன் எல்லோரும் என்னிடம் கேட்பது, சிங்கம் நம்மை எதுவும் செய்துவிடாதா என்பதைத்தான். நாம் அவற்றுக்கு என்ன செய்கிறோம் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

சிவிங்கிப்புலியை நம் ஊரில் பலரும் சிறுத்தை என்றே சொல்கிறார்கள். சிறுத்தை வேறு, அது மரமேறும், பெரும்பாலும் இரவில் வேட்டையாடும். சிவிங்கிப்புலிக்குக் கண்ணின் ஓரத்திலிருந்து வாய் வரை கண்ணீர்த் தாரை போலக் கறுப்புக் கோடு இறங்கும். உடல் மெலிந்தது, ஓட்டத்துக்கென்றே அமைந்தது. சிங்கமோ கழுதைப்புலியோ வந்தால் இரையை விட்டுவிட்டு விலகிப் போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. அதனால்தான் அவை ஓய்ந்திருக்கும் பகல் வேளையில் அது வேட்டைக்குப் போகிறது. சுற்றுலா வண்டிகள் சுற்றுவதும் அதே வேளையில்தான். சில நூறு மீட்டர் ஓட்டத்திலேயே அதன் வலுவெல்லாம் போய்விடும். மானைப் பிடித்த பிறகும் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்துவிட்டுத்தான் தின்னத் தொடங்கும். ஒரு வேட்டை கெட்டால் அடுத்ததற்கு உடனே எழுந்து ஓட முடியாது.

2018இல் வெளியான ஓர் ஆய்வு மாசாய் மாரா வட்டாரத்தில் உள்ள தாய்ச் சிவிங்கிப்புலிகளைத் தொடர்ந்து கவனித்தது. வண்டிகள் குறைவாக வரும் பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் பிழைத்து, தனித்து வாழும் பருவத்தை எட்டின. நெரிசல் மிகுந்த பகுதியில் 0.2. இந்த இரண்டு எண்களையும் பயணத்துக்கு முந்தைய கூட்டத்தில் நான் பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். உலகக் காடுகளில் எஞ்சியிருக்கும் வளர்ந்த சிவிங்கிப்புலிகளே ஏறத்தாழ 7,000தான்.

விதிகள் இல்லாமல் இல்லை. மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 25 மீட்டர் இடைவெளி வேண்டும். மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் மீறுகிறார்கள்? ரேடியோவில் ஸ்வாஹிலியில் 'டூமா' என்ற ஒரு சொல் வந்தால் போதும், அது சிவிங்கிப்புலி. நாலா பக்கமிருந்தும் வண்டிகள் பறந்து வரும். 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 200 டாலர். அவ்வளவு கொடுத்து வந்தவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, 'அந்த வண்டி போகிறதே, நாம் ஏன் போகவில்லை?' என்று கேட்கிறார். ஓட்டுநரின் வருமானத்தில் பெரும்பங்கு கடைசி நாளில் அவர் கையால் வரும் டிப்ஸ். முடியாது என்று சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வனக் காவலரிடம் பிடிபட்டால் வேலையை இழக்கக்கூடியவரும் அவரே. நாம் விமானம் ஏறி வந்துவிடுவோம்.

மாரா ஆற்றங்கரையில் நடப்பது இதைவிட மோசம். பதின்மூன்று லட்சம் வில்டபீஸ்ட் மாடுகளும் அவற்றோடு லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மான்களும் மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலும் மாராவிலும் சுற்றி வருகின்றன. ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு வந்ததும் மந்தை கரையில் திகைத்து நிற்கும். ஒன்று நீர் வரை இறங்கும், திரும்பி ஓடும். அதைப் பார்த்து ஆயிரம் திரும்பும். முதல் மாடு குதிப்பதற்குச் சில சமயம் மூன்று மணி நேரம்கூட ஆகும். அதுவரை வண்டிகள் கரையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஒருவர் முன்னால் ஓட்டிப் போனால், மந்தை அந்தச் சரிவான துறையை விட்டுவிட்டுச் செங்குத்தான கரைக்குப் போய் விழுகிறது. கீழே முதலைகள். வழக்கமான ஆண்டிலேயே சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை அந்த ஆற்றில் மூழ்கி மடிகின்றன. 2025 ஜூலையில் செரெங்கெட்டியின் கோகடெண்டே பகுதியில் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் கூட்டமாக நின்று மந்தையை மறித்த காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கையில் கேமராவோடு நின்ற அவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். வண்டியை விட்டு இறங்கும்போது யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை விட்டு இறங்கும் பேச்சு வந்ததால் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழிப்பறைக்குக் கூச்சப்பட்டுக் காலை ஐந்தரை மணியிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் வருபவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கிறேன். பதினொரு மணிக்குத் தலைவலி, பன்னிரண்டுக்கு மயக்கம். தயவுசெய்து தண்ணீர் குடியுங்கள். நுழைவாயில்களிலும் விமான ஓடுதளங்களிலும் கழிப்பறை உண்டு. அவசரமென்றால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது அன்றாடம் கேட்கும் செய்தி. புதர் இல்லாத திறந்த இடமாகத் தேர்ந்து, சுற்றும் பார்த்துவிட்டு, வண்டியின் மறைவில் இறங்கச் சொல்வார். அவர் சொல்லாமல் கதவைத் திறக்கவே கூடாது. கூரையில் ஏறி உட்காருவதும் வேண்டாம். வண்டியும் அதற்குள் இருப்பவர்களும் ஒரே உருவமாகத் தெரியும் வரைதான் சிங்கம் நம்மைக் கண்டுகொள்ளாது.

இரவில் கூடார முகாமில் கவலைப்பட வேண்டியது சிங்கத்தைப் பற்றி மட்டும் அல்ல, நீர்யானையும்தான். பகலெல்லாம் ஆற்றில் கிடந்துவிட்டு இருட்டியதும் புல் மேயக் கரையேறும். அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நீங்கள் நின்றுவிட்டால் உங்களை மோதித் தள்ளிக்கொண்டுதான் அது தண்ணீருக்குப் போகும். சாப்பாட்டுக் கூடம் முப்பது அடி தூரத்தில் இருந்தாலும் டார்ச் அடித்துக் காட்டி 'அஸ்காரி' எனப்படும் காவலரை வரவழையுங்கள், அவரோடு நடங்கள். முறுக்கையும் மிக்சரையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றுவைத்திருக்கின்றன. ஒருமுறை ருசி கண்ட குரங்கு அடுத்து வருபவரின் கையிலிருந்தே பிடுங்கும். கடைசியில் தொல்லை கொடுக்கும் விலங்கு என்று பெயர் வாங்கி அடிபடுவது அந்தக் குரங்கு.

காட்டில் நடக்க விரும்புகிறவர்கள் மாராவை ஒட்டியுள்ள கன்சர்வன்சிகளில் தங்கலாம். மாசாய் பழங்குடிக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வாடகைக்கு விட்டு அமைத்த காப்பிடங்கள் அவை. நடையும் இரவு வண்டிப் பயணமும் அங்கே உண்டு. மாரா காப்பகத்துக்குள் கிடையாது. கன்சர்வன்சிக்குள் அங்குள்ள முகாம்களில் தங்குபவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால் வண்டி நெரிசல் இல்லை. நடையில் வழிகாட்டிக்குப் பின்னால் ஒற்றை வரிசை, பேச்சு கூடாது, அவர் கை உயர்ந்தால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். எது எதிரே வந்தாலும் ஓடக் கூடாது. ஆனால் நடையின் சுகமே வேறு. கழுதைப்புலியின் எச்சம் சுண்ணாம்புபோல வெளுத்துக் கிடப்பதை ஒரு முதியவர் குச்சியால் புரட்டி, அது தின்ற எலும்பின் கதையைச் சொல்வார். வண்டியில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் கிடைக்காது.

பயண ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளைக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மலேரியா மாத்திரையும் அவர் சொல்படி. திரும்பி வந்த பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கறுப்பும் கருநீலமும் கடிக்கும் செட்சி ஈக்களை ஈர்க்கும்; காக்கி, பழுப்பு உடைகள் போதும். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் கட்டாயம். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை. பலகாரங்களைத் துணிப்பையிலும் டப்பாவிலும் கட்டுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் பயண நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர்? ஐந்து வண்டிகள் ஏற்கெனவே நின்றால் உங்கள் ஓட்டுநர் என்ன செய்வார்? இரண்டாவதற்குத் தயங்கிப் பதில் சொல்லும் நிறுவனத்தோடு போகாதீர்கள். பிறகு முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: கூட்டம் இருந்தால் போக வேண்டாம், தள்ளி நின்றால் போதும், உங்கள் டிப்ஸ் எதுவும் குறையாது.

மேலே சொன்ன பயணத்தில் மறுநாள் அந்தத் தலைமையாசிரியர் இதைத் தம் ஆங்கிலத்தில் ஓட்டுநரிடம் சொன்னார். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ரேடியோவின் ஒலியைக் குறைத்தார். பெரும் கூட்டத்தை விட்டு விலகி ஓர் ஓடையின் அருகில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்துவிட்டார். அன்று சிவிங்கிப்புலியைப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் ஒரு யானைக் குடும்பம் எங்களைச் சுற்றி மேய்ந்தது. புல்லைத் துதிக்கையால் பிடுங்கி, முழங்காலில் தட்டி, வேர்மண் உதிர்ந்த பிறகு அவை வாயில் வைக்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.