நொடியை ஐம்பதாக வெட்டியவர்கள்

வீடியோ கேம் இசை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஜப்பானியப் பெயர்கள்தான். மாரியோவுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ, ஃபைனல் ஃபேன்டசியின் நொபுவோ உயெமட்சு. அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் அதே 1980களில் பிரிட்டனில் சில இளைஞர்கள் முற்றிலும் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார்கள். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே, டிம் ஃபாலின் என்று சிலரைச் சொல்லலாம். இவர்களுடைய இசையை மெட்டாக மட்டும் கேட்டால் பாதிதான் கையில் கிடைக்கும். மீதிப் பாதி, அந்த மெட்டை ஒலிக்க வைத்த நிரலுக்குள் இருக்கிறது. அந்த நிரலையும் பெரும்பாலும் இவர்களேதான் எழுதினார்கள்.

அன்றைய ஐரோப்பாவில் வீட்டுக்குள் கேம் வந்தது கேசட் வழியாக. கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் போன்ற கணினிகளில் டேப்பைப் போட்டுவிட்டுப் பல நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் போக்குவதற்கென்றே தனியாகப் பாட்டு போட்டார்கள்! மான்செஸ்டரில் இருந்த ஓஷன் என்ற கேம் நிறுவனத்தின் 'லோடர்' இசை அப்படிப் பிறந்ததுதான். முதல் இரண்டும் கால்வே போட்டவை. கேமை மறந்துவிட்டு லோடர் பாட்டை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் ஐரோப்பாவில் நிறைய உண்டு.

கமடோர் 64 சந்தைக்கு வந்தது 1982இல். அதற்குள் 6581 என்ற எண்ணுடன் ஓர் ஒலிச் சில்லு இருந்தது; எல்லோரும் அதை 'சிட்' என்றுதான் சொல்வார்கள். வடிவமைத்தவர் பாப் யான்னஸ். அந்நாளைய கணினி ஒலிச் சில்லுகளைச் செய்தவர்களுக்கு இசையே தெரியாது என்பது அவருடைய எண்ணம். அதனால் பீப் சத்தம் போடும் சில்லுக்குப் பதிலாக ஒரு குட்டி சின்தசைசரையே செய்து வைத்தார். பின்னாளில் அவர் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானதில் வியப்பில்லை.

சிட் சில்லில் மூன்று குரல்கள் உண்டு, அதாவது ஒரே நேரத்தில் மூன்று ஒலிகளை எழுப்பலாம். ஒவ்வொரு குரலும் முக்கோண அலை, ரம்பப் பல் அலை, துடிப்பு அலை, வெறும் இரைச்சல் ஆகிய நான்கில் எதை வேண்டுமானாலும் எழுப்பும். ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதையும் குரலுக்குக் குரல் தனியாக வைக்கலாம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு ஃபில்டர், அதாவது ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் அமைப்பு. இவை எல்லாவற்றையும் ஆட்டி வைப்பது 25 சின்ன ரெஜிஸ்டர்கள், அதாவது எண்களைப் போட்டு வைக்கும் பெட்டிகள். ஒரு குரலின் அதிர்வெண் பெட்டியில் கிட்டத்தட்ட 7493 என்று எழுதினால், ஐரோப்பிய மாடலில் 440 ஹெர்ட்ஸ் ஒலிக்கும். எண்ணை மாற்றினால் சுரம் மாறும். அவ்வளவுதான் கருவி.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பாஸுக்கு, அதாவது அடித்தளமாக ஒலிக்கும் தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு குரல், மெட்டுக்கு ஒரு குரல். மிச்சம் ஒன்று. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு வாசிக்கக் குறைந்தது மூன்று சுரம் வேண்டும். டிரம்ஸ் வேண்டும். பல கேம்களில் சுடும் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் இதே மூன்றிலிருந்து ஒன்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

இந்தப் பற்றாக்குறையைச் சமாளிக்க அவர்கள் கைவைத்தது நேரத்தில். ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். அதை ஒட்டியே கணினியும் நொடிக்கு 50 முறை மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இசை நிரலைக் கூப்பிடும். அதாவது 20 மில்லிநொடிக்கு ஒரு முறை, எல்லாப் பெட்டிகளிலும் உள்ள எண்களை மாற்றிவிடும் வாய்ப்பு கிடைக்கிறது. ஒரு சுரம் அரை நொடி நீண்டால் அதற்குள் 25 வாய்ப்புகள். சாதாரண இசையமைப்பாளர் சுரத்தை எழுதுவார். இவர்கள் சுரத்துக்கு உள்ளே எழுதினார்கள்.

முதல் தந்திரம் ஆர்பெஜியோ. ஒரே குரலில் ச, க, ப என்று 20 மில்லிநொடிக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருப்பது. மூன்று சுரமும் ஒரு சுற்று வர 60 மில்லிநொடி. நொடிக்குப் பதினாறு, பதினேழு சுற்று. ஓடும் மின்விசிறியின் மூன்று இறக்கைகள் ஒரே வட்டமாகத் தெரிகிற மாதிரி, அந்த வேகத்தில் காதால் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ண முடியாது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலி புதிதாகத் தொடங்குவதில்லை, அதிர்வெண் எண் மட்டும்தான் தாவுகிறது. அதனால் மூன்றும் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. முழுதாகக் கரைவதும் இல்லை, ஓரத்தில் ஒரு நடுக்கம் மிஞ்சும். இன்று 'எட்டு பிட் சத்தம்' என்று நாம் உடனே அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்த நடுக்கத்தைத்தான். கால்வேயிடம் இது ஒரு கையெழுத்தாகவே மாறியது.

ஹப்பர்டின் டிரம்ஸ் இதைவிடக் கெட்டிக்காரத்தனம். பாஸ் வாசித்துக்கொண்டிருக்கும் குரலையே ஓரிரு துண்டு நேரத்துக்குப் பிடுங்குவார். முதல் 20 மில்லிநொடியில் இரைச்சல். குச்சி தோலில் படும் சத்தம் கிடைத்துவிட்டது. அடுத்தடுத்த துண்டுகளில் துடிப்பு அலையை மேலிருந்து சடசடவெனக் கீழே இறக்குவார். அது டிரம்மின் உடல். அப்புறம் அதே குரல் ஒன்றும் நடக்காதது போலப் பாஸுக்குத் திரும்பிவிடும். கேட்பவருக்கோ பாஸும் டிரம்ஸும் சேர்ந்து போவதாகவே படும். இதற்கு நம் மூளையின் ஒரு பழக்கமும் துணை நிற்கிறது. தொடர்ந்து வரும் ஒலியை ஒரு கணம் பலத்த இரைச்சல் மறைத்தால், அந்த ஒலி நின்றுவிட்டதாக மூளை நினைக்காது. இரைச்சலுக்குப் பின்னால் தொடர்வதாக எடுத்துக்கொண்டு இடைவெளியைத் தானே நிரப்பும். செவிப்புலன் ஆய்வாளர்கள் சோதித்து உறுதிசெய்த மாயை இது.

ஹப்பர்ட் கணினிக்கு வருவதற்கு முன்பே தொழில்முறை இசைக்காரர். மான்ட்டி ஆன் தி ரன், கமாண்டோ இரண்டும் 1985இல் வந்தவை. பாட்டுகளை அவர் எழுதியது விசைப்பலகையில் வாசித்துப் பதிவுசெய்து அல்ல. செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி நிரலுக்குள் வரிவரியாக எண்களைத் தட்டி. அவருடைய இசை நிரல் ஏறத்தாழ ஒரு கிலோபைட்தான் இருக்கும். குறிப்பிட்ட சில துணுக்குகளை ஒரு முறை மட்டும் சேமித்து, எந்த வரிசையில் எத்தனை முறை வர வேண்டும் என்ற பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்வார். அதனால்தான் சில கிலோபைட்டுக்குள் நிமிடக்கணக்கில் ஓடும் பாட்டு அடங்கியது. சுரம் ஒலிக்கும்போதே துடிப்பு அலையின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருப்பார். ஒலி அசையாமல் நிற்காது, உள்ளுக்குள் ஏதோ புரண்டுகொண்டே இருக்கும். கமாண்டோவில் கவனித்துக் கேளுங்கள்.

நேரத்தைத் திரையோடு கட்டியதில் ஒரு சங்கடமும் வந்தது. அமெரிக்கத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. பிரிட்டனில் எழுதிய பாட்டு அங்கே அப்படியே ஓடினால் 20 சதவீதம் வேகம் கூடிவிடும். கணினியின் கடிகாரமும் அங்கே சற்று வேகமானது, அதனால் சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏறும். இந்தத் தொல்லை போதாதென்று ஃபில்டர் வேறு. சிட் சில்லின் ஃபில்டர் அனலாக் வகை. தொழிற்சாலையில் செய்யும்போதே சில்லுக்குச் சில்லு வேறுபட்டது. ஒரு வீட்டில் இனிமையாகக் குழையும் பாஸ், அடுத்த வீட்டில் போர்வைக்குள்ளிருந்து கேட்கும். சிலர் ஃபில்டரைத் தொடவே அஞ்சினார்கள். சிலர் தன் வீட்டுக் கணினியில் நன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

20 மில்லிநொடி போதாது என்று இன்னும் நுணுக்கமாக வெட்டியவர்களும் உண்டு. சிட் சில்லில் மொத்த ஒலியளவுக்கு ஒரு பெட்டி. 0 முதல் 15 வரை 16 படிகள். அந்த எண்ணை மாற்றினால் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். சில்லின் வெளியீட்டில் எப்போதும் கொஞ்சம் மின்னழுத்தம் தேங்கி நிற்பதால் வரும் குறை அது. அந்தக் குறையையே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தூண்டினால், 'டிக்'குகள் சேர்ந்து ஓர் அலை ஆகிவிடும். பதிவுசெய்த உண்மையான டிரம்ஸ் ஒலியை 16 படிகளுக்குள் சுருக்கி இப்படி ஒலிக்க விடலாம். மூன்று குரல் உள்ள சில்லுக்கு நான்காவது குரல். கால்வே 1987இல் ஆர்க்கனாய்டு கேமின் இசையில் இதைப் பயன்படுத்தினார். விலை கொஞ்சமில்லை. நொடிக்கு 4000 மாதிரிகள், அதாவது 4000 ஒலியளவு எண்கள் என்றால், எண்ணுக்கு அரை பைட் வீதம் ஒரு நொடி ஒலிக்கே 2000 பைட் போய்விடும். கணினியின் மொத்த நினைவகமே 64 கிலோபைட். பிறகு 8580 என்ற திருத்திய சில்லு வந்தபோது அந்த மின்னழுத்தத் தேக்கம் கிட்டத்தட்டப் போய்விட்டது, கூடவே நான்காவது குரலும் தேய்ந்தது. குறையை நம்பி வைத்த டிரம்ஸைக் கேட்க, சிலர் சில்லில் ஒரு மின்தடையைப் பற்றவைத்துக் குறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

என்னைக் கேட்டால், இந்தக் கூட்டத்திலேயே அசாத்தியமான வேலை டிம் ஃபாலினுடையது. 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரத்தில் ஒலிச் சில்லே கிடையாது. ஒரு சின்ன ஸ்பீக்கர், அதை இயக்க ஒரே ஒரு பிட். 1 என்றால் ஸ்பீக்கர் தாள் முன்னே, 0 என்றால் பின்னே. ஒலியளவு கிடையாது, அலை வடிவம் கிடையாது. செயலியே உட்கார்ந்து பிட்டை மாற்றி மாற்றிப் போட்டால்தான் சத்தம் வரும். 1987இல் வந்த குரோனோஸ் கேமின் தொடக்கத் திரையில் ஃபாலின் இந்த ஒற்றைப் பிட்டில் பல குரல்களைச் சேர்ந்து பாட வைத்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

எப்படி? ஒரு சுரத்துக்கு அதிர்வெண்தான் முக்கியம். ஒவ்வொரு அதிர்விலும் பிட் எவ்வளவு நேரம் 1 ஆக இருக்கிறது என்பது சுரத்தை மாற்றாது, ஒலியின் நிறத்தையும் பலத்தையும்தான் மாற்றும். எனவே ஒவ்வொரு துடிப்பையும் ஊசி முனை போல மெல்லியதாக்கினார். ஒரு சுரத்தின் ஊசிகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம் இருக்கும். இன்னொரு சுரத்தின் ஊசிகளை அங்கே செருகலாம், மூன்றாவதையும் செருகலாம். ஊசிகள் மெல்லியதாக இருப்பதால் அவை மோதிக்கொள்வது அபூர்வம். மோதாத வரை ஒற்றைப் பிட் ஓடையும் கூட்டல் கணக்கும் ஒன்றுதான். காது ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பிரித்து எடுத்துக்கொள்ளும். ஊசியைப் படிப்படியாக இன்னும் மெலிதாக்கினால் ஒலி தேயும். கிட்டார் கம்பி அடங்குவது போன்ற பாவனை அதில் கிடைத்துவிட்டது. இத்தனைக்கும் செயலியின் முழு நேரமும் இதற்கே போய்விடும். 35 லட்சம் ஹெர்ட்ஸ் செயலி வேறு எதையும் செய்ய முடியாது, அதனால்தான் இப்படிப்பட்ட பாட்டுகள் ஆட்டத்துக்கு நடுவே வராமல் தொடக்கத் திரையோடு நின்றுவிட்டன. ஒலி கொஞ்சம் கரகரப்பாக, எறும்புக் கூட்டம் ஊர்வது போலத்தான் இருக்கும். முதல் முறை கேட்கும்போது பிடிக்காமல் போகலாம்.

இவர்களெல்லாம் நொடியைச் சிறிதாக வெட்டினார்கள் என்றால், அமெரிக்காவில் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் எதிர்ப்பக்கத்திலிருந்து நேரத்தைப் பிடித்தார்கள். சினிமாவில் காட்சி எத்தனை நொடி என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். கேமில் தெரியாது. ஆட்டக்காரர் ஓர் அறையில் மூன்று நொடியும் நிற்கலாம், முப்பது நிமிடமும் நிற்கலாம். அவர் கதவைத் திறந்ததும் பாட்டை வெட்டிவிட்டு வேறு பாட்டைப் போட்டால் காது சுளிக்கும்.

அவர்கள் உருவாக்கிய ஐமியூஸ் என்ற அமைப்பு 1991இல் மங்கி ஐலண்ட் 2 கேமில் அறிமுகமானது. 1994இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இசையமைப்பாளர் பாட்டை எழுதும்போதே, எந்தெந்த இடத்திலிருந்து வெளியேறலாம், வெளியேறினால் எந்த இணைப்புத் துணுக்கின் வழியாக எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற குறிகளையும் எழுதிவிடுவார். ஆட்டக்காரர் கதவைத் தொட்டதும் பாட்டு உடனே தாவாது. அடுத்த பொருத்தமான தாள இடம் வரை காத்திருந்து, அந்தத் துணுக்கை வாசித்து, புதிய பகுதிக்குள் நுழையும். இதெல்லாம் சாத்தியமானதற்குக் காரணம், அன்று வட்டில் இருந்தது ஒலிப்பதிவு அல்ல. மிடி முறையில், 'இந்தச் சுரத்தை இந்தக் கருவியில் இப்போது வாசி' என்ற கட்டளைகள்தான். கட்டளையை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம்.

அந்த கேமில் உட்டிக் என்றொரு ஊர் உண்டு. தெருவில் ஒரு மெட்டு போய்க்கொண்டே இருக்கும். மரவேலைக்காரரின் கடைக்குள் நுழைந்தால் அதே மெட்டு அந்தக் கடைக்கே உரிய உருவம் எடுக்கும். வரைபடக்காரர் வாலியின் அறைக்குள் போனால் இன்னொன்று. வெளியே வந்தால் ஒரு சின்ன வளைவு போட்டுத் தெரு மெட்டோடு போய்ச் சேரும். எங்கே மாறியது என்று சுட்டிக்காட்டவே முடியாது.

அப்புறம் சிடி வந்தது. உண்மையான வாத்தியங்களைப் பதிவுசெய்து போட முடிந்தது. ஒலித்தரம் ஒரே தாவலில் எங்கோ போனது. ஆனால் பதிவான ஒலி, கட்டளையைப் போல வளைந்துகொடுக்காது. அந்தக் கலை சில காலம் பின்வாங்கி, எஃப்மாட், வைஸ் போன்ற ஒலி மென்பொருள்கள் வழியாக மறுபடி வந்தது. இப்போது இசைக்குழுவை அடுக்கு அடுக்காகத் தனித்தனியே பதிவுசெய்து, எதிரி தெரிந்ததும் டிரம்ஸ் அடுக்கைத் திறந்துவிடுகிறார்கள். தாளம் முடியும் இடத்தில் அடுத்த துணுக்குக்குத் தாவுகிறார்கள். அடுக்கைத் திறக்கலாம், மூடலாம். பதிவுக்குள் இருக்கும் சுரத்தையும் கருவியையும் மாற்றுவது அவ்வளவு எளிதில்லை. உட்டிக்கில் கதவைத் திறந்து மூடும்போது கேட்கும் அந்த நேர்த்தியை, இன்றைய பெரிய கேம்கள் பலவற்றில் நான் இன்னும் கேட்டதில்லை.