ஏ டிரைவில் தண்ணீர்

மழைக்காலத்தில் ஏற்காட்டில் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது, தீக்குச்சி பற்றாது, உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து நிற்கும். 1994இல் அப்படி ஒரு நாள், சட்டைப் பையில் ஒரு ஃப்ளாப்பியை, அதாவது ஃபைல்களைச் சேமித்து எடுத்துப்போகும் சதுர டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, சேலம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஏதோ கோயில் மாதிரி.

ஏ டிரைவ் எனப்படும் இடுக்கில் ஃப்ளாப்பியைச் செருகினேன். பக்கத்தில் இருந்த அண்ணன் ஒருவர் "இரு தம்பி, நான் பாக்கறேன்" என்று கீபோர்டை வாங்கி எதையோ தட்டினார். ஏ டிரைவில் தண்ணீர் இருக்கிறது, அதை எடுக்கும்வரை டிரைவைத் தொடாதே என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து களக் களக் என்று தண்ணீர் வடியும் சத்தம், அது முடிந்ததும் வாஷிங் மெஷின் துணி பிழிவதுபோல விர்ரென்று ஒரு ஓசை. "மலையில இருந்து தண்ணியோட வந்துட்டியா?" என்றார் அண்ணன். எனக்கு ஏசி ரூமிலேயே வியர்த்துவிட்டது, அந்தப் பெட்டியின் விலை என் அப்பாவின் எத்தனை மாதச் சம்பளம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

அண்ணன் தட்டி ஓடவிட்ட அந்த விளையாட்டுப் புரோகிராமின் பெயர் டிரெயின். ரயில் இல்லை, தண்ணீர் வடிகிற டிரெயின். எண்பதுகளின் டாஸ் காலத்துச் சரக்கு, விண்டோஸ் பரவுவதற்கு முன் பி.சி.யை நடத்தியது டாஸ்தான். அது டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது, நாலு வரி காட்டும், கொஞ்சம் சத்தம் போடும், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

எனக்கு இன்றும் பிடித்தது அந்தச் சத்தம்தான். அன்றைய பெரும்பாலான பி.சி.களில் தனியாக சவுண்ட் கார்டு கிடையாது, பீப் அடிக்க ஒரு குட்டி ஸ்பீக்கர் மட்டும். அதன் கூம்பு ஒன்று உள்ளே இருக்கும் அல்லது வெளியே இருக்கும், நடுவில் நிற்கத் தெரியாது, ஒலியைக் கூட்டிக் குறைக்கவும் வழி இல்லை. அதை ஆட்டுவது ஒரு டைமர் சிப். நொடிக்கு 11,93,182 துடிப்புகள் அதற்குள் ஓடும், நாம் ஒரு எண்ணைக் கொடுத்தால் அத்தனை துடிப்புக்கு ஒரு முறை கூம்பு முன்னும் பின்னும் போய்வரும். 2386 என்று கொடுத்தால் நொடிக்குச் சுமார் 500 அதிர்வு, பாதியாக்கி 1193 கொடுத்தால் 1000. புரோகிராம் எழுதுபவர் கையில் இருப்பது அந்த ஒரே ஒரு எண்தான்.

ஆனால் அதுவே போதும், ஏனென்றால் மீதி வேலையை நம் காது செய்துவிடுகிறது. குழாயடியில் குடம் பிடிக்கும்போது யாரும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பதில்லை, நீர் ஏற ஏறக் குடத்துக்குள் காற்று நிற்கும் இடம் குறுகிச் சுருதி கூடுவதைக் கேட்டே நிறைந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறோம். மாவு மிஷினில் மோட்டார் வேகம் பிடிப்பதும் அப்படித்தான், ஏறும் சுருதி. அந்த எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் ஸ்பீக்கர் எழுப்பும் சுருதி ஏறும், காது அதை மோட்டார் என்று எடுத்துக்கொள்ளும். அடிச்சுருதியில் எண்ணைத் தாறுமாறாக மாற்றினால் களக் களக். திரையில் முன்னாலேயே "தண்ணீர்" என்று வேறு போட்டுவிட்டதால் காது வேறு எதையும் யோசிப்பதில்லை.

திரையில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். 80 எழுத்து அகலம், 25 வரி, மொத்தம் 2000 கட்டம், ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். அந்த 4000 பைட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், டாஸ் தடுக்காது. டாஸ் சொல்லும் நிஜமான எச்சரிக்கையும் அதே கட்டங்களில் அதே எழுத்துருவில்தான் வரும் என்பதால், பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சி டிரைவை ஃபார்மட் செய்கிறேன் என்று சதவீதம் ஏறுவதைக் காட்டிப் பயமுறுத்திய விளையாட்டுப் புரோகிராம்களும் இதே வழிதான், கூடவே டிஸ்க்கைச் சும்மா படித்துக்கொண்டிருந்தால் பெட்டியில் டிஸ்க் விளக்கும் எரியும், சாட்சிக்குச் சாட்சி.

விளையாட்டுக்கும் விஷமத்துக்கும் நடுவே ஒரு நூல்தான். 1987 வாக்கில் வந்த கேஸ்கேட் என்ற வைரஸ் அதே 4000 பைட்டில் கை வைத்துத் திரையின் எழுத்துகளைச் சருகுபோலப் பொலபொலவென்று கீழே உதிர வைத்தது. பார்க்க அழகாகவே இருக்கும், ஆனால் அது கணினியில் உள்ள காம் என்ற வகைப் புரோகிராம் ஃபைல்களில் ஒட்டிக்கொண்டு பரவியது. டிரெயின் எங்கும் ஒட்டாது, யாராவது கூப்பிட்டால்தான் வரும். பின்னால் விண்டோஸ் என்.டி. வந்து, சாதாரணப் புரோகிராம்கள் சிப்போடு நேரடியாகப் பேசுவதற்குக் கதவைச் சாத்திவிட்டது.

அடுத்த மாதம் அதே ஃப்ளாப்பியை மறுபடி கொண்டுவந்தேன். திரையில் டேட்டா எரர், அதாவது டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, கீழே அபார்ட், ரீட்ரை, ஃபெயில். நானும் சிரித்தேன், அண்ணனும் சிரித்தார், "நான் இன்னிக்கு எதுவும் போடலியே" என்று அவர் சொன்னதை நான் நம்பவும் இல்லை. வெளியே எடுத்து உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால், கறுப்புத் தட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.