உருண்டையாக இருந்தால் ட்ரஃபிளா?

தென் அமெரிக்காவின் கயானாவில், பக்கராய்மா மலைப்பகுதிக் காடுகளில் டைசிம்பே கோரிம்போசா என்றொரு மரம் கூட்டங்கூட்டமாக வளர்கிறது. நம் புளியமரத்துக்குப் பங்காளி முறை. மழைக்காட்டில் ட்ரஃபிள் எனும், மண்ணுக்குள் விளையும் உருண்டைக் காளானைத் தேடுகிறவர்கள் முதலில் இந்த மரத்தைத்தான் தேடுவார்கள். காரணம் இருக்கிறது. வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவை வேருக்குள் புகுந்து வாழும் நுண்பூஞ்சைகளோடு கூட்டு வைப்பவை. அந்தப் பூஞ்சைகள் கண்ணில் படுகிற மாதிரி காளான் விடுவதில்லை. டைசிம்பேயின் வேர்நுனிகளையோ, காளான் விடும் பூஞ்சைகள் உறை போட்டதுபோல் போர்த்தியிருக்கும். மரம் சர்க்கரை தரும். பூஞ்சை மண்ணிலிருந்து சத்தும் நீரும் தரும்.

மரத்தடியில் சருகை ஒதுக்கி, களைக்கொத்தி மாதிரியான சிறு கருவியால் மக்கைப் பொறுமையாகக் கிளற வேண்டும். கிடைப்பது ஒரு மண் படிந்த உருண்டை. குடையும் இல்லை, காம்பும் இல்லை. இதை வைத்து என்ன இனமென்று சொல்வது?

முதல் வேலை, இரண்டாக வெட்டுவது. கயானாவில் கிடைத்த ஓர் உருண்டையை வெட்டியபோது உள்சதை காற்றுப் பட்டு நீலமானது. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே ஆக்சிஜன் விளையாட்டுதான். ஆனால் நீலம் என்பது பொலீட் காளான்களில் அடிக்கடி காண்கிற குணம். பொலீட் என்றால் குடைக்கு அடியில் மடிப்புகளுக்குப் பதிலாகப் பஞ்சு போல நுண்துளைகள் உள்ள காளான். ஐரோப்பாவில் கொள்ளை விலைக்குப் போகும் ட்ரஃபிளோ பூஞ்சை உலகின் இன்னொரு பெரும்பிரிவு. அது ஸ்போர்களை, அதாவது விதைபோல் பரவும் நுண்துகள்களை, பைக்குள் வளர்க்கும். பொலீட் ஒரு செல்லின் நுனியில், வெளியே தாங்கி நிற்கும்.

நிறம் மட்டும் சாட்சியாகாது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்போர்களில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் தெரிந்தன. அப்புறம் டி.என்.ஏ. வரிசையை எடுத்து, தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டு வம்சமரம் போட்டார்கள். உருண்டை பொலீட் குடும்பத்துக்குள் போய் உட்கார்ந்தது; ஆனால் அங்கிருந்த எந்தப் பேரினத்திலும் சேரவில்லை. 2015-இல் அதற்கு வைத்த பெயர் காஸ்டாடிஸ்போரஸ் சயனெசென்ஸ்: மேடுள்ள ஸ்போர், நீலமாகும் சதை. பெயர் வைத்தது பூஞ்சை ஆய்வாளர் டெர்ரி ஹென்கல் உள்ளிட்ட குழு; அதே ஆய்வுக் கட்டுரையில் ஜிம்ட்ராப்பியா, காஸ்டெல்லானியா என்று இன்னும் இரண்டு புதுப் பேரினங்களையும் அறிவித்தது. இரண்டும் ட்ரஃபிள் ஆய்வில் ஊறிய ஜிம் ட்ராப்பே, மைக்கேல் காஸ்டெல்லானோ ஆகியோர் பெயரில்.

ஆக, ட்ரஃபிள் என்பது ஒரு வம்சம் இல்லை, ஒரு வடிவம். சாதாரணக் காளான் ஒரு துளி நீரின் விசையால் ஸ்போரைச் சுண்டிவிடும். குடை மூடி உருண்டையானதும் சுண்ட இடமேது? அந்தத் திறனே போய்விடுகிறது. அதன் பிறகு வாசனை காட்டி விலங்கை அழைத்து, தன்னைத் தின்ன வைத்துத்தான் ஸ்போர் பரவ வேண்டும். வறட்சிக்குப் பயந்து மண்ணுக்குள் போனது என்பது வழக்கமான விளக்கம். ஆஸ்திரேலியாவுக்கு அது பொருந்தலாம். எந்நேரமும் ஈரம் சொட்டும் கயானா காட்டுக்கு அது போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெயர் வைத்தால் மட்டும் போதாது. உலர்த்திய ஒரு மாதிரியை மூல மாதிரி என்று அறிவித்து, காய்ந்த மாதிரிகளைக் காத்து வைக்கும் உலர்தாவரகத்தில் ஒப்படைக்க வேண்டும். 2013 முதல் பெயருக்குப் பதிவு எண்ணும் கட்டாயம். நாளைக்கு வேறொரு காட்டில் யாராவது நீலமாகும் உருண்டை ஒன்றைத் தோண்டினால், இது அதுதானா என்று பார்க்க அந்தக் காய்ந்த துண்டைத்தான் கேட்டு வாங்குவார்கள்.