மூத்திரப் பைக்குப் பக்கத்தில் ஒரு சுரூபம்

குணமாகாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பேலியேட்டிவ் செவிலியர்களுக்கான ஒரு பயிற்சியில்தான் அந்தப் படத்தை முதலில் பார்த்தேன். நோயாளியின் ஆன்மிகத் தேவைகள் என்று மதிய வகுப்பு. நடத்த வந்த ஃபாதர் விளக்கை அணைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திரையில் படத்தைப் போட்டார். பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை. அதைச் சுற்றி ஒரே பொன்னொளி. தேனுக்குள் இறக்கி வைத்த மாதிரி நடுவில் மஞ்சள், ஓரங்களில் சிவப்பு, ஆண்டவரைச் சுற்றிப் பொடிப் பொடிக் குமிழ்கள். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். சூரியன் இறங்கும் நேரத்துக் கல்வாரி என்றார் ஒருவர். மகிமை என்றேன் நான்.

அப்புறம்தான் தலைப்பைச் சொன்னார். 'மூத்திரக் கிறிஸ்து.' ஒரு கண்ணாடித் தொட்டியில் புகைப்படக்காரர் தன் சிறுநீரையே நிரப்பி, அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுரூபத்தை அமிழ்த்தி எடுத்த புகைப்படமாம். என் பக்கத்தில் இருந்த சிஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் உடம்பெல்லாம் பதறியது. பெரிய வெள்ளியன்று முழங்காலில் போய்ப் பாதம் முத்தி செய்கிற சுரூபம் அது. அதைப் போய் இதற்குள்ளா?

எடுத்தவர் ஆண்ட்ரெஸ் செரானோ, நியூயார்க்காரர். கத்தோலிக்கராக வளர்ந்தவர், இன்றும் தன்னைக் கிறிஸ்தவன் என்றே சொல்பவர். படம் 1987இல் எடுக்கப்பட்டது, சுமார் 5 அடி உயரப் பிரதி. அரசாங்க நிதியும் சேர்ந்த ஒரு பரிசு அவருக்குக் கிடைத்ததால் 1989இல் அமெரிக்க செனட்டில் பெரிய கொந்தளிப்பு. ஒரு செனட்டர் சபையிலேயே அந்தக் கண்காட்சிப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டார். 1997இல் மெல்போர்னில் படத்தைத் தடை செய்யக் கேட்டுப் பேராயரே நீதிமன்றம் போனார். தடை கிடைக்கவில்லை. ஆனால் அங்கே படம் தாக்கப்பட்டு, கண்காட்சியை மூடும்படி ஆனது. 2011 ஏப்ரல் 17, குருத்து ஞாயிறு அன்று பிரான்சின் அவிஞ்ஞோனில் சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள். உடைந்த படத்தை உடைந்தபடியே மறுபடியும் மாட்டி வைத்தது அந்தக் காட்சியகம். 2023 ஜூனில் போப் பிரான்சிஸ் சுமார் 200 கலைஞர்களை சிஸ்டைன் சிற்றாலயத்தில் சந்தித்தபோது அவர்களில் செரானோவும் ஒருவர். போப் அவரை ஆசீர்வதித்து, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார்.

மனம் நொந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சுரூபத்தின் மேல் பாசம் உள்ளவருக்குத்தான் அந்தத் தலைப்பு வலிக்கும். எனக்கு அந்தத் தலைப்பு இன்றைக்கும் பிடிக்காது. சுத்தியல் எடுத்தது மட்டும் தப்பு என்று நினைக்கிறேன்.

என் எண்ணம் மாறியது ஒரு நோயாளியின் வீட்டில். அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். 40 வருடம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றி, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே ஓட்டை விழுந்திருந்தது. அப்படி ஆனால் சிறுநீரை அடக்க முடியாது, இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும். ட்யூப் போட்டு, கட்டில் கம்பியில் யூரின் பை மாட்டியிருந்தும் கசிவு நிற்கவில்லை. எவ்வளவு துணி மாற்றினாலும் அறையில் வாடை.

நான் முதல் நாள் போனபோது கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் சிலுவை வடிவத்தில் ஒரு வெளிறிய தடம். அங்கே இருந்த சுரூபத்தைக் கழற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னவர் டீச்சரேதான். செபமாலையையும் தொடுவதில்லை. ஃபாதர் வீட்டுக்கே நன்மை (நற்கருணை அப்பம்) கொண்டு வருகிறேன் என்று சொல்லியும் மறுத்துவிட்டார். "இது ஆண்டவர் வர்ற இடமா சிஸ்டர்? என் நாத்தம் எனக்கே தாங்கல" என்றார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அன்று வண்டியில் திரும்பும்போது அந்தப் பொன்னிறப் படம் மனசுக்குள் வந்து நின்றது. வகுப்பில் எல்லோரும் கேட்ட கேள்வியைத்தான் டீச்சரும் கேட்டார்: ஆண்டவரைப் போய் இதற்குள்ளா? சிலுவையில் தொங்கிய உடம்பிலிருந்து இரத்தம் மட்டுமா வந்திருக்கும், மூத்திரமும் மலமும் வந்திருக்கும், அப்படித்தான் அவர் செத்தார் என்று செரானோ ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். சாகிற உடம்புகளைத் தினமும் துடைக்கிற எனக்கு அது தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் ஆண்டவரின் உடம்போடு அதைச் சேர்த்து நான் நினைத்ததே இல்லை. நம் வீட்டுச் சுரூபங்களில் அவர் அவ்வளவு சுத்தமாக இருக்கிறார், ஐந்து காயத்திலும் அளவாகச் சிவப்பு வர்ணம். கண்டவர்கள் முகத்தை மூடிக்கொள்ளும் நிலையில் இருந்தார் என்று பைபிளில் எசாயா தீர்க்கதரிசி சொல்வதையும், நான் தண்ணீரைப்போலக் கொட்டப்பட்டேன் என்ற 22ஆம் சங்கீதத்தையும் வருடா வருடம் கோவிலில் கேட்டுவிட்டு வருகிறோம். அந்தப் படத்தின் முன்னால் முகத்தை மூடிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அது புரிந்த பிறகுதான் அந்த ஒளி எனக்குத் திரும்பவும் ஒளியாகத் தெரிந்தது.

இந்தப் படம் தெய்வநிந்தனை இல்லை என்று முன்பே சொன்ன ஒரு கன்னியாஸ்திரீ உண்டு, கலையைப் பற்றி டிவியில் பேசிய வெண்டி பெக்கட். கிறிஸ்துவை இன்றைய உலகம் எப்படி நடத்துகிறது என்பதைத்தான் படம் காட்டுகிறது என்றார். பெரிய கலைப்படைப்பு என்று அவர் அதைக் கொண்டாடவில்லை. எனக்கு அந்த அளவுக்குக் கலை தெரியாது.

டீச்சரிடம் அந்தப் படத்தைக் காட்டவில்லை. அந்தத் தலைப்பைக் கேட்டால் உடைந்துபோவார் என்று தெரியும். வேறொரு படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போனேன். பிரான்சில் கோல்மார் என்ற ஊரில், உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இசென்ஹைம் பீடப்படம். 1512க்கும் 1516க்கும் இடையில் மத்தியாஸ் க்ரூனெவால்ட் வரைந்தது. அதுவும் பார்க்கக் கஷ்டமான படம்தான். ஆண்டவரின் உடம்பு பச்சைபாரித்து, தோல் முழுக்கப் புண்ணும் முள்ளுமாக, விரல்கள் விறைத்துக் கோணியிருக்கும். அதை வரைந்தது பெரிய அரண்மனைக்காக இல்லை. அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய ஒரு நோயாளர் இல்லத்துக்காக. கம்புபோன்ற ரை என்ற தானியத்தில் பூஞ்சை பிடித்து, அதைத் தின்றவர்களுக்குக் கைகால் எரிந்து அழுகிப்போகும் நோய் அந்தக் காலத்தில் இருந்தது. அந்தோணியார் நெருப்பு என்பார்கள். அந்த நோயாளிகள் பார்ப்பதற்காக வைத்த படத்தில்தான் ஆண்டவருக்கும் உடம்பெல்லாம் புண்.

டீச்சர் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பாதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். "இவருக்கும் நாறியிருக்குமே சிஸ்டர்" என்றார். ஆமாம் டீச்சர் என்றேன். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. டிரெஸ்ஸிங்கை முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

படுக்கையில் ஒருவரை வைத்திருக்கும் வீடுகளுக்கு என் அனுபவத்திலிருந்து சிலது சொல்லவேண்டும். நோயாளி இருக்கும் அறையிலிருந்து சாமி படத்தை நீங்களாக எடுத்துவிடாதீர்கள். அவரே எடுக்கச் சொன்னால் ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள், பெரும்பாலும் வெட்கம்தான் காரணமாக இருக்கும். வாடையைக் குறைக்க முடியும். புற்றுநோய்ப் புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் போடச் சொல்வோம், நல்ல பலன் உண்டு, டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, முக்கால்வாசி நிறையும் முன்பே காலி செய்யுங்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறுநீர் கலங்கி, காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ வந்தால் தள்ளிப்போடாமல் எங்களைக் கூப்பிடுங்கள். ஃபாதர் வருகிறார் என்றால் துணி மாற்றியபின் வரும் நேரமாகச் சொல்லுங்கள். ட்யூப் இருக்கிறது, வாடை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த ஒரு சுளிப்பே நோயாளிக்குப் போதும்.

இந்து வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன், தீட்டு என்று தாத்தாவின் நெற்றியில் திருநீறு வைப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஓர் இஸ்லாமியப் பெரியவர் ட்யூப் போட்ட நாளிலிருந்து தொழுகையை விட்டிருந்தார். இப்படிக் கசிவு நிற்காதவர்களுக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துகொண்டு தொழலாம் என்று அவர் மகன் இமாமிடம் கேட்டு வந்து சொன்னார். அன்று மாலையே பெரியவர் படுத்தபடி தொழுதார்.

அடுத்த முறை டீச்சர் வீட்டுக்குப் போனபோது சுரூபம் திரும்பியிருந்தது. சுவரில் இல்லை. அவர் கைக்கு எட்டும்படி, பை தொங்குகிற அதே கம்பியில் ஒரு வெள்ளைத் துணியால் கட்டச் சொல்லியிருக்கிறார். ஜன்னல் வழியாக மாலை வெயில் பையின் மேல் பட்டு, சுரூபத்தின் கீழ்ப் பாதி மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அந்த ஞாயிறு நன்மை வாங்கினார். மூன்று வாரம் கழித்து இறந்தபோது, சுரூபத்தைக் கழுவிவிட்டு வைக்கட்டுமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியே அவிழ்த்து, பெட்டிக்குள் டீச்சரின் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.