பஸ் இலவசம்தான், படி ஏற முடியாதவர்களுக்கு?

எங்கள் அப்பத்தாவுக்கு 79 வயது. ஆத்தங்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பூர்வீக வீட்டில் இருக்கிறார். பிரஷர் மாத்திரை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வாசலுக்கே வந்துவிடுகிறது. முழங்காலுக்கும் கண்ணுக்கும்தான் காரைக்குடி போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் பஸ் நிற்கிற ரோட்டு முக்கு வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர். மெல்ல நடந்து அங்கே போய்ச் சேர்ந்தாலும், பஸ்ஸின் முதல் படி அவர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

போன முறை ஒரு கை கம்பியில், இன்னொரு கை என் தோளில். இடது காலைத் தூக்கிப் படியில் வைத்து, வலது காலை எடுப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். கண்டக்டரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு டைமிங். அப்பத்தா காலைக் கீழே இறக்கிக்கொண்டு, “நீ போய்ட்டு வாய்யா, எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டார். ஆட்டோவுக்குப் போக வர 600 ரூபாய் கேட்டார்கள். அவருக்கு வரும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய்.

நம் ஊர்ச் சலுகைகள் எல்லாம் டிக்கெட்டின் மேல் இருக்கின்றன. டிக்கெட் கொடுக்கும் இடம் வரை போய்ச் சேருவது அவரவர் பாடு. இந்த இடைவெளியை அடைப்பதற்கு உலகத்தில் பல இடங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: கூப்பிட்டால் வரும் பொது வண்டி. அதைப் பார்ப்பதற்கு முன், இன்றைக்கு நம் கையில் என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இப்போது இருப்பவை

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதைத்தான் இப்போது ‘மகளிர் விடியல் பயணம்’ என்கிறோம். அடுத்த மாதமே மாற்றுத்திறனாளிகள், அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவர், திருநங்கைகள் ஆகியோருக்கும் இதை விரித்தார்கள். ஆண் மாற்றுத்திறனாளிக்கும் நகரப் பேருந்தில் காசு இல்லை என்பது இன்னமும் நிறையப் பேருக்குத் தெரியாது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

குழப்பம் வருவது வெளியூர் வண்டியில். காரைக்குடி - தேவகோட்டை ரோட்டில் நின்றால் டவுன் பஸ்ஸும் வரும், வெளியூர் பஸ்ஸும் வரும். இரண்டும் அரசு வண்டிதான், ஒரே ரோட்டில்தான் போகின்றன. ஆனால் விடியல் பயணம் முதல் வகையில் மட்டும்தான் செல்லும். வெளியூர் வண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 75 சதவீதச் சலுகை உண்டு, கால் பங்கு கட்டினால் போதும். மருத்துவமனை, பள்ளி, வேலை என்று ஒரே இடத்துக்குத் தொடர்ந்து போகிறவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவச பஸ் பாஸ் கேட்கலாம். தனியார் பஸ்ஸிலும் மினிபஸ்ஸிலும் விடியல் பயணம் செல்லாது.

முதியவர் என்பதற்காக மட்டும் நம் பக்கத்தில் இலவசப் பயணம் இல்லை. 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் கொடுக்கிறார்களே என்றால், அது சென்னை மாநகரப் பேருந்தில். நம் பக்கம் ஓடுவது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம், காரைக்குடி மண்டலம். ஆக 75 வயது ஐயா ஒருவர் புதுவயலிலிருந்து காரைக்குடி போக முழு டிக்கெட்தான் எடுக்க வேண்டும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் தேய்ந்து நடக்கவே முடியாத முதியவரை “வயசாயிருச்சு” என்று விட்டுவிடுகிறோம். மருத்துவக் குழு பரிசோதித்து இயக்கக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கொடுத்தால், அவரும் சட்டப்படி மாற்றுத்திறனாளிதான். அதற்கு வயது தடையில்லை. மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடி அட்டைக்கு, ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால் எல்லாச் சலுகைக்கும் அந்த ஒரே அட்டை.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு முழுக்கப் போக்குவரத்தைப் பற்றியது. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் இவற்றில் வண்டி நிறுத்தும் இடம், கழிப்பறை, டிக்கெட் கவுண்டர் எல்லாம் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். பழைய வண்டிகளையும், தொழில்நுட்பத்துக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகிற வரை, அதற்கேற்ப மாற்ற வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது இதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. மாற்றுத்திறனாளிகள் கட்டுப்படியாகும் செலவில் நடமாடுவதற்கு அரசு திட்டங்கள் தீட்ட வேண்டும் என்று சொல்லி, மூன்று வழிகளை எடுத்துக் காட்டுகிறது: சலுகைகள், வண்டிகளை மாற்றியமைத்தல், தனிநபர் நடமாட்டத்துக்கான உதவி. முதலாவது நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் நடக்கிறது. இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை இலவசமாகக் கொடுப்பதும், சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தள பஸ்களும் அந்த வகை. மூன்றாவதுதான் கூப்பிட்டால் வரும் வண்டிக்குச் சட்டத்தில் இருக்கும் வாசல்.

புதிய யோசனை என்று மிரள வேண்டாம். அழைத்தால் வீட்டுக்கு வரும் அரசு வண்டி நமக்குப் பழக்கம்தான். உயிருக்கு ஆபத்து என்றால் 108. பிரசவமான தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கு 102, தாய் சேய் நல ஊர்தி. அரசு மருத்துவமனையில் இறந்தவரை ஊர் கொண்டுசேர்க்க 155377, அமரர் ஊர்தி. பிறந்தால் வண்டி உண்டு, உயிர் ஊசலாடினால் வண்டி உண்டு, போனாலும் வண்டி உண்டு. நடுவில் கிடக்கும் சாதாரண நாளில் கண்ணைக் காட்டப் போக, பேங்குக்குப் போக, பேத்தி காதுகுத்துக்குப் போகத்தான் வண்டி இல்லை.

எப்படி ஓடுகிறது

பஸ்ஸுக்கு வழித்தடமும் நேரமும் முதலிலேயே முடிவாகிவிடும், அதற்கேற்ப நாம் போய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் வரும் வண்டியில் இது தலைகீழ். போனிலோ செயலியிலோ எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, வீல்சேர் உண்டா என்று சொல்லிவிடுவோம். அதே திசையில் போகிற இன்னும் நாலைந்து பேரை ஒன்றுசேர்த்து அன்றைய வழியைத் தீர்மானிப்பார்கள். சில ஊர்களில் அதைக் கணினி செய்கிறது, சில ஊர்களில் ஓர் ஆள் நோட்டில் எழுதியே செய்துவிடுகிறார். டாக்ஸி மாதிரி வாசலுக்கு வரும், பஸ் மாதிரி பலரை ஏற்றும், கட்டணம் இரண்டுக்கும் நடுவில்.

அமெரிக்காவில் இதை உரிமையாகவே வைத்திருக்கிறார்கள். 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, ஓர் ஊரில் வழக்கமான பஸ் ஓடினால், அந்த வழித்தடத்திலிருந்து முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டருக்குள் இருக்கும், பஸ்ஸில் ஏற முடியாத மாற்றுத்திறனாளிக்கு வீடு தேடி வரும் வண்டி கொடுத்தே ஆக வேண்டும். முதல் நாள் சொன்னால் மறுநாள் வண்டி. கட்டணம் பஸ் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. அந்த அளவுகோலை எங்கள் ஊர் ரோட்டு முக்கில் வைத்துப் பார்த்தால் அப்பத்தா வீடு உள்ளேதான் வருகிறது. ஜப்பானில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய் முதியவர்கள் மட்டும் தங்கிவிட்ட கிராமங்களில் உள்ளாட்சிகளே இப்படி வண்டி விடுகின்றன. படித்தபோது கானாடுகாத்தான் தெருக்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

தோற்ற கதையும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2012-ல் குட்சுபிளஸ் என்று ஒரு சேவை தொடங்கினார்கள். 15 சிறிய பஸ்கள், போனில் பதிவு. மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய நகரத்தில் 15 வண்டியை வைத்துக்கொண்டு ஒரே திசைக்காரர்களை ஒன்றுசேர்ப்பது கஷ்டம். வண்டி நிறையாமல் ஓடியது, அரசு கைக்காசு போட்டது, 2015 முடிவில் நிறுத்திவிட்டார்கள். எல்லோருக்கும், எந்நேரமும், எங்கும் என்று இறங்கினால் கை சுடும். இன்னார்க்கு, இந்தக் கிழமையில், இந்த இடத்துக்கு என்று சுருக்கிக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம் என்பது என் கணிப்பு.

செட்டிநாட்டுக்கு எது சரிப்படும்

இங்கே இரண்டு வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று, தெரு. மற்றக் கிராமங்களில் வேன் உள்ளே நுழைந்தால் திரும்ப முடியாது. நம் ஊர்த் தெருக்கள் நேராகவும் அகலமாகவும் கிடக்கின்றன, வேன் தாராளமாக வாசல் வரை வரும். ஆனால் விலாசம் சொல்லும்போது கவனம் வேண்டும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று வீடு நீண்டு கிடக்கும். முகப்பில் உயரத் திண்ணையும் நாலைந்து படிகளும் இருக்கும், பின்வாசல் பெரும்பாலும் தரையோடு இருக்கும். எந்த வாசலுக்கு வண்டி வர வேண்டும் என்று சொல்லாவிட்டால் டிரைவர் முன்னால் ஹார்ன் அடிப்பார், ஆள் பின்னால் காத்திருப்பார்.

இன்னொன்று மினிபஸ். 1997-ல் வந்த திட்டத்தைப் புதுப்பித்து, 2025 ஜூனில் புதிய விரிவான மினிபஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத இடமாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல திட்டம். ஆனால் இதுவும் வழித்தடத்தில் நிற்கிற வண்டிதான். பர்மிட்டில் எழுதிய பாதையை விட்டு அரை கிலோமீட்டர் உள்ளே திரும்பினால் பர்மிட் மீறல் ஆகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம் பயணிகள் வண்டியை இரண்டாகப் பிரிக்கிறது. ஆளுக்கு ஆள் டிக்கெட் வாங்கி இடையில் ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் கேரேஜ், நம் பஸ். வண்டியை மொத்தமாகப் பேசி எடுப்பது கான்ட்ராக்ட் கேரேஜ், கல்யாணத்துக்குப் பிடிக்கிற வேன் மாதிரி. வழியில் வெளியாளை ஏற்றக் கூடாது. கூப்பிட்டால் வரும் வண்டி இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆனால் டாக்ஸியில் தனித்தனியாகக் கட்டணம் வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரேஜ்தான் என்று வரையறையிலேயே இருக்கிறது. மினிபஸ்ஸுக்கும் நிபந்தனைகளை வைப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். நம் மாவட்டங்களில் அதன் தலைவர் ஆட்சியர். ‘முன்கூட்டிச் சொல்லும் முதியவர், மாற்றுத்திறனாளிக்காகக் குறிப்பிட்ட தெருவரை வண்டி விலகிப் போய்வரலாம்’ என்று பர்மிட்டிலேயே ஒரு நிபந்தனை சேர்த்தால், புது வண்டி வாங்காமலே பாதி வேலை முடிந்தது. வீல்சேர்காரர்களுக்கு மட்டும் சாய்தளமும் பூட்டும் வைத்த வேன் தனியாக வேண்டும். ஒன்றியத்துக்கு ஒன்று, கண் மருத்துவர் இருக்கிற நாள், எலும்பு மருத்துவர் இருக்கிற நாள் என்று கிழமை பிரித்து ஓட்டினாலே போதும்.

கேட்பது எப்படி

ஊராட்சியாக இருந்தால் கிராம சபைத் தீர்மானத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகலோடு திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். வண்டி இல்லை என்று மனுக் கொடுப்பதற்குக் காரைக்குடியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கிறதே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். முடியாதவர்கள் 1100-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம்.

‘எங்கள் ஊருக்கு வண்டி வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரியில் பதில் வரும். எத்தனை பேர், எந்தத் தெரு, பஸ் நிறுத்தம் எத்தனை மீட்டர், மாதம் எத்தனை முறை எங்கே போக வேண்டும், யாருக்கு வீல்சேர், யாரிடம் யுடிஐடி அட்டை இருக்கிறது என்று ஒரு தாளில் போட்டு, 41-வது பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இந்தச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 89-வது பிரிவு சொல்கிறது. அதை மிரட்டலாக எழுத வேண்டியதில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடும் நிலை வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மனு ரசீதின் எண்ணை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர்த் தாளில் இதுவரை 11 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அப்பத்தா பெயருக்கு நேராக நான் முகப்புத் தெருவை எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அங்க அஞ்சு படிய்யா, பின்வாசல்னு எழுது” என்று மாற்றச் சொன்னார்.