மேக்கர்ஸ்பேஸ் என்னும் செய்களம்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில், அட்டை, மரத்துண்டு, மின்கம்பி, சிறு மோட்டார், கணினி நிரல் முதலியவற்றைக் கொண்டு பிள்ளைகள் தாங்கள் நினைத்த ஒன்றைத் தங்கள் கையாலேயே செய்து பார்க்கும் இடத்துக்கும், அந்த இடத்தைச் சுற்றி அமையும் கற்றல் திட்டத்துக்கும் ‘மேக்கர்ஸ்பேஸ்’ என்னும் பெயர் வழங்குகிறது. தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் பேச்சில் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள்; அதில் தடை ஏதும் இல்லை. பெற்றோருக்கான கடிதத்தையோ கண்காட்சிப் பலகையையோ தமிழில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் எழுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தயாரிப்பாளர் இடம்’ என்று வரும். படிப்பவருக்கோ திரைப்படத் தயாரிப்பாளரின் அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல் பழையதன்று. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1995இல் தொடங்கிய ‘சி-பேஸ்’ போன்ற கூடங்களில் கணினி ஆர்வலர்கள் கருவிகளையும் இடத்தையும் பகிர்ந்துகொண்டு பணியாற்றினார்கள். அத்தகைய இடங்கள் ‘ஹேக்கர்ஸ்பேஸ்’ எனப்பட்டன. சிங்கப்பூரிலும் 2009இல் அப்படி ஒன்று தோன்றியது. ஒரு பொருளின் உட்புறத்தைப் பிரித்து ஆராய்ந்து, அதை வேறு பயனுக்கு மாற்றியமைப்பவரையே ஹேக்கர் என்னும் சொல் அங்கே குறித்தது. ஆனால் பொதுமக்கள் காதில் அது கணினியில் ஊடுருவித் திருடுபவர் என்று விழுந்துவிட்டபடியால், பள்ளிகளும் நூலகங்களும் அந்தப் பெயரைத் தொடவே தயங்கின. இதற்கிடையில் அமெரிக்காவில் டேல் டோஹர்ட்டி 2005இல் ‘மேக்’ என்னும் இதழைத் தொடங்கினார்; மறு ஆண்டில் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ நகரில் முதல் ‘மேக்கர் ஃபேர்’ நடந்தது. ‘மேக்கர்’ என்ற சொல் எவரையும் மிரட்டவில்லை. 2011 வாக்கில் ‘மேக்கர்ஸ்பேஸ்’ பரவலான வழக்குக்கு வந்தபோது, பள்ளித் தலைமையாசிரியரும் தயக்கமின்றி ஏற்கக்கூடிய பெயராக அது இருந்தது.

ஆங்கிலத்தில் ‘மேக்கர்’ என்பது ஒரு காலத்தில் கவிஞரையும் குறித்தது. ஸ்காட்லாந்தில் ‘மகர்’ என்னும் வடிவில் இன்றும் அந்தப் பொருள் உண்டு. தமிழிலும் பழைய நூல்களின் முகப்பில் ‘ஆக்கியோன்’ என்று நூலாசிரியரைக் குறிப்பிட்டதைக் காணலாம். செய்பொருள் கவிதையாயினும் கட்டிலாயினும் வினைச்சொல் ஒன்றுதான் என்ற எண்ணம் இரு மொழிகளுக்கும் இயல்பாக இருந்திருக்கிறது.

இடம் பின்னர் வந்தது என்றாலும் கருத்து அதற்கும் மூத்தது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயுடன் ஜெனிவாவில் பணியாற்றிப் பின் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சீமோர் பேப்பர்ட், பிறருக்குக் காட்டத்தக்க ஒரு பொருளைச் செய்யும்போதுதான் பிள்ளையின் மனத்தில் அறிவு உறுதியாகக் கட்டமைகிறது என்று வாதிட்டார். பிள்ளைகளுக்கென 1967இல் உருவான ‘லோகோ’ கணினிமொழியில் அவருக்கு முதன்மைப் பங்கு உண்டு. சிங்கப்பூரில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017இல் பள்ளிகளுக்கு மைக்ரோபிட் என்னும் உள்ளங்கை அளவுச் சுற்றுப்பலகையைக் கொண்டுசென்றதும், 2020 முதல் உயர்தொடக்கநிலை மாணவர் அனைவருக்கும் சுமார் 10 மணி நேர நிரலாக்கப் பயிற்சி வந்ததும் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவையே. தேசிய நூலக வாரியமும் ஜூரோங், தெம்பனிஸ், பொங்கோல் வட்டார நூலகங்களில் பொதுமக்களுக்கு இத்தகைய இடங்களை அமைத்திருக்கிறது.

சொல்லின் பிற்பாதியான ‘ஸ்பேஸ்’தான் பள்ளிகளைத் தடுமாற வைக்கிறது என்பது என் கருத்து. பெயரிலேயே இடம் இருப்பதால், திட்டம் தொடங்க முதலில் ஓர் அறை வேண்டும், அறை கிடைத்தால் முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டும் என்று எண்ணம் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறு சாவிக்கொத்துப் பட்டை ஒன்றை அச்சிட அரை மணி நேரம் என்று கொண்டாலும், 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஓர் இயந்திரம் 20 மணி நேரம் ஓட வேண்டும். அத்தனை நேரமும் பிள்ளைகள் செய்வது வேடிக்கை பார்ப்பதுதான். மாறாக, நூலகத்தின் ஒரு மூலையில் ஒரு தள்ளுவண்டி, அதில் அட்டைப்பெட்டிகள், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான கத்தரிக்கோல்கள், ஒட்டுநாடா, செப்புநாடா, எல்இடி விளக்குகள், நாணய வடிவ மின்கலங்கள் ஆகியவை இருந்தாலே ஒரு தவணைக்குப் போதும்.

அந்த வண்டியில் நடக்கும் வேலை ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். எல்இடியின் இரு கால்களில் நீளமானது நேர்முனை. 3 வோல்ட் மின்கலத்தின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு கால் படும்படி செருகினால் விளக்கு எரியும். கால்களை மாற்றிச் செருகினால் எரியாது. இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டால் பாடம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால், விளக்கு எரியாத பிள்ளை முதலில் மின்கலத்தைச் சந்தேகித்து வேறொன்றை எடுக்கும், பிறகு பக்கத்தில் இருப்பவருடையதைப் பார்க்கும், கடைசியில் தன்னுடையதைத் திருப்பிச் செருகும். அதன்பின் அடுத்த மேசைக்குப் போய் விளக்கமும் சொல்லும். ஆசிரியருக்கு அப்போது உள்ள ஒரே கட்டாய வேலை, மின்கலங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, ஏனெனில் சிறு பிள்ளைகள் அவற்றை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. திட்டம் வளர்வதும் இப்படித்தான்: இடைவேளையில் வந்து பழகிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பினருக்குக் காட்டித் தருவார்கள், அறிவியல் ஆசிரியரிடமிருந்து வண்டி தமிழாசிரியரிடம் போகும், பொம்மலாட்டக் கதை ஒன்றுக்குக் கண் சிமிட்டும் பொம்மை தேவைப்படும். தனி அறைக்கான தேவை அதற்குப் பிறகுதான் எழும். அப்போது அதற்கு என்ன வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

இனித் தமிழ்ச்சொல். ‘பட்டறை’ நெருங்கி வருகிறது. கொல்லன் பட்டறை, அச்சுப் பட்டறை என்று கருவியும் வியர்வையும் கலந்த சொல் அது. ஆயினும் கதைப் பட்டறை, கவிதைப் பட்டறை என ஓரிரு நாள் பயிற்சிக்கு அது வழங்கத் தொடங்கிவிட்டதால் குழப்பம் தரும். ‘பணிமனை’ என்றால் தமிழ்நாட்டவர்க்குப் பேருந்துகளை நிறுத்திவைக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். ‘படைப்பகம்’ பதிப்பாளர்களுக்கும் படநிறுவனங்களுக்கும் சொந்தமாகிவிட்டது. ‘ஆக்கவெளி’ இலக்கியத் திறனாய்வுக் கட்டுரையில்தான் பொருந்தும். ‘ஆக்கக்கூடம்’ பொருளளவில் சரியே என்றாலும், ஆக்குதல் என்பது நம் வீடுகளில் சோறாக்குவதையே முதலில் குறிக்கிறது. திருமண வீட்டுச் சமையல் பந்தலுக்கு ‘ஆக்குப்புரை’ என்று பெயரே உண்டு. தனி ஆளைக் குறிக்க ‘ஆக்குநர்’ பொருந்தும், ஓட்டுநர், இயக்குநர் போல. அதை ‘ஆக்குனர்’ என்று எழுதுவது பிழை. மணிமேகலை பல நாட்டுத் தச்சரையும் கொல்லரையும் கம்மரையும் தமிழ் வினைஞரோடு சேர்ந்து பணிசெய்தவர்களாகக் காட்டுகிறது. ‘வினைஞர்’ என்னும் அந்தச் சொல்லை மீட்கலாம் என்று ஆசை எழுந்தாலும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது சற்றுக் கனமானது.

என் பரிந்துரை ‘செய்களம்’. இது ஊறுகாய், சுடுசோறு போல ஒரு வினைத்தொகை. செய்த களம், செய்கின்ற களம், செய்யும் களம் என மூன்று காலமும் அதில் அடங்கும். முடிந்த பொருளும் பாதியில் நிற்கும் பொருளும் இன்னும் தாளில் கோடாகவே இருக்கும் பொருளும் ஒரே மேசையில் கிடக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் அமைவது அரிது. ‘களம்’ என்பதற்குச் சுவர் தேவையில்லை. நெல் அடிக்கும் இடம் களம், போர் நடக்கும் இடமும் களம். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே களம். ஆகவே தள்ளுவண்டி நிற்கும் நூலக மூலையையும் செய்களம் என்று கூசாமல் அழைக்கலாம். ‘செய்’ என்பதற்கு வயல் என்றும் பொருள் உண்டு, நன்செய், புன்செய் என்பவற்றில் உள்ளது அதுவே. அந்தப் பொருளில் கொண்டாலும் களத்தோடு முரண்படாது.

இந்த இடத்தில் நடக்கும் செயலுக்கு ஆங்கிலத்தில் ‘டிங்கரிங்’ என்பார்கள். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, ‘நோண்டிப் பார்த்தல்’ என்பதே சரியான தமிழ். வீட்டில் அது ‘நோண்டாதே’ என்னும் அதட்டலாகவே பெரும்பாலும் பிள்ளையின் காதில் விழுவதால், பெற்றோர் கடிதத்தில் அந்தச் சொல்லை அப்படியே எழுதும் ஆசிரியர் அருகே ஒரு வரி விளக்கம் சேர்ப்பது நல்லது. செய்களம் என்ற சொல்லையும் முதன்முறை எழுதும்போது பக்கத்தில் மேக்கர்ஸ்பேஸ் என்று அடைப்புக்குறிக்குள் தரலாம். அடுத்த பத்தியிலிருந்து செய்கள நேரம், செய்களப் பொறுப்பாசிரியர், செய்கள வண்டி என்று தடையின்றி எழுதலாம்.